பாலம் 47/2, 47/2 அ

இரண்டுக்கும் நடுவே மூன்றடி இரண்டங்குலம்.
ஆண்டுக்கொரு முறை டேப் வைத்து அளக்கிறேன்.
மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை,
கல்லை வைத்துச் சமாளிப்பேன்.
கூடுவதில்லை, குறைவதில்லை.
பதிவேட்டில் அந்தக் கட்டத்துக்கு மட்டும்
நான் யோசிக்க வேண்டியதில்லை.

முதல் பாலம் ஐம்பத்தேழில்.
முட்டை வெள்ளைக்கரு ஊற்றிக் கட்டியது என்று
கீழச்செவல் கறிக்கடையில் இன்றைக்கும் சொல்வார்கள்,
கானாடுகாத்தான் வீட்டுச் சுவர் மாதிரியாம்.
கோப்பில் இருப்பதென்னவோ சிமெண்ட்:
ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை,
மழையில் இறுகியது முப்பத்தொன்று,
களவு போனது நான்கு.
ஓவர்சீயர் அருளானந்து, பச்சை மை.
ஒவ்வொரு மாதமும் கையெழுத்துக்குக் கீழே,
யாரும் கேட்காமலே,
"விருசுழியில் தண்ணீர் இல்லை."
இருபத்திரண்டு பக்கங்களில் அதே வரி.
இருபத்து மூன்றாவதில்
"தண்ணீர் வந்தது. சாரம் போயிற்று.
சாரத்தோடு சித்தாள் பூமயில்."
அடுத்த தாளில் நூற்றைம்பது ரூபாய்,
புருஷனின் கைநாட்டு,
மை கொஞ்சம் அதிகம்.

அரை நூற்றாண்டு அது ஒண்டியாக நின்றது.
எதிரெதிரே வந்த பஸ்கள்
நட்டநடுவில் முட்டி நிற்கும்.
பின்வாங்குவது யார் என்பதில்
தேவகோட்டை டிரைவருக்கும் காரைக்குடி டிரைவருக்கும்
தீராத வழக்கு.
ஒரு தடவை அந்த முக்கால் மணி நேரத்தில்
ஜன்னலுக்கு ஜன்னல் பேசியே
ஒரு சம்பந்தம் முடிந்ததாகக் கேள்வி.

பிறகு நாலுவழிச் சாலை.
இடிக்கலாமா என்று மூன்று கூட்டம் போட்டார்கள்.
இடிக்கிற செலவைப் பார்த்து, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள்.
பக்கத்திலேயே இன்னொன்று:
எங்கோ வார்த்து டிரெய்லரில் வந்த உத்திரங்கள்,
பதினோரு மாதம்,
சாவு இல்லை. கோப்பு மெலிசு.
அதற்கென்று தனி எண்கூட இல்லை,
பழையதன் எண்ணோடு ஓர் 'அ'.

சுத்தியலால் தட்டிக் கேட்பேன்.
புதியது எங்கே தட்டினாலும் ஒரே பதில்.
பழையது இரண்டாம் தூணில் மட்டும்
கொஞ்சம் செருமும்.
ஒன்றின் மேல் ஜல்லி லாரி போனால்
மற்றது அதிர்வதில்லை. அப்படித்தான் வடிவமைப்பு.

எழுதக் கட்டமில்லாத ஒன்று உண்டு.
அன்றிலிருந்து பழைய பாலம் போகிறவர்களுக்கு,
புதியது வருகிறவர்களுக்கு.
ஐம்பது வருஷம் இரு திசையும் சுமந்தது
இப்போது முதுகுகளை மட்டுமே பார்க்கிறது.
திருப்பூருக்குப் போன பையன்
திரும்பினானா என்று அதற்குத் தெரியாது.
புதியதற்கோ
ஊருக்குள் வருகிறவர்கள் எல்லாம்
முதல் தடவை வருகிறவர்கள்.

போன ஐப்பசியில் அளந்துகொண்டிருந்தபோது
ஒரு பாடை வந்தது.
சுடுகாடு தென்கரையில்.
பழைய பாலத்தில், பறையோடு, சரியான தடத்தில் போனார்கள்.
பின்னால் ஒரு டேங்கர்
ஹாரன் அடிக்காமல் ஊர்ந்தது.

திரும்பி வந்தார்கள், புதிய பாலத்தில், விதிப்படி.
ஆற்றில் நீரில்லை, போர்க் குழாயில் குளித்த ஈரம்.
மொட்டைத் தலையோடு ஒருவர் மட்டும் பாதியில் நின்றார்.
திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள்,
பக்கவாட்டில் பார்ப்பதைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.
பழைய பாலத்தில், என் காலடியில்,
அவர்கள் இறைத்துப்போன பொரி
டயர் பட்டு மாவாகிக் கிடந்தது.
அதையே பார்த்தார்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
டேப்பின் நுனியை நீட்டினேன்.
கைப்பிடிச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்,
பழகிய ஆள் மாதிரி.
எவ்வளவு என்றார்.
சொன்னேன்.
அவ்வளவுதானா என்றார்.